டைனமோவில் கேட்ட குரல்

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தேன். சீற்றும் ஹாண்டிலும் மண்ணில். இரண்டு சில்லும் மேலே.

பின் சில்லின் ரயரில் டைனமோ முட்டிக்கொண்டு நின்றது. டைனமோவிலிருந்து இரண்டு வயர் கசெற் றேடியோவுக்குப் போனது. நான் மணைக்கட்டையில் குந்தியிருந்து பெடலைக் கையால் சுற்றினேன்.

சுற்றினால் றேடியோ பேசும். விட்டால் நிற்கும். அது சண்டைக் காலம், வன்னிக்குள் பற்றரி வர ஆமி விடாது. கரண்ட் போய்ப் பல வருசம்.

நேரம் மத்தியானம். ஓலைக் கொட்டிலுக்குள் அனல். அயலில் ஒருத்தரும் இல்லை. எல்லாரும் நிவாரணம் எடுக்கச் சங்கக்கடைக்குப் போயிருந்தார்கள். நான் போகவில்லை. அப்படி ஒரு நேரத்துக்காகத்தான் மூன்று நாளாகப் பார்த்திருந்தேன்.

இடது கையால் பொத்தானை அமத்தினேன். முதலில் கர் என்று ஒரு சத்தம். பிறகு என் மனிசனின் குரல்.

"செலின், நான்தான். சுகமா இருக்கிறன். இந்தமுறை நீ தனியக் கேள். ஆக்களைச் சேர்க்காதை."

தனியத்தான் இருந்தேன். அவர் ஒரு அரபு நாட்டுப் பட்டணத்தில். மணல்வெளிக்கு நடுவில் கட்டின பட்டணம். நான் புதுக்குடியிருப்பில், இடம்பெயர்ந்த சனத்துக்குக் கொடுத்த ஒரு துண்டுக் காணியில்.

அந்தக் கசெற்றைக் கொண்டுவந்து தந்த பெண் ஒரு விசயம் சொல்லியிருந்தா. "இதிலை உங்கட அவர் ஒரு மறுமொழி கேட்டிருக்கிறாராம். அக்ரிமெண்ட் முடியப்போகுதாம். கெதியாப் பதில் போடட்டாம்."

வருவதா, நிற்பதா என்பதுதான் அது என்று எனக்குத் தெரியும். அவர் போய் மூன்று வருசம் ஆகியிருந்தது.

ஒருவர் கேட்டிருக்கிறார்

போன கிழமை இந்தப் பத்திரிகையில், அவர் கொழும்பில் விமானம் ஏறினதோடு நிறுத்தியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய மகனும் அதே பட்டணத்துக்குப் போகப்போகிறானாம். அங்கே ஒரு ஆள் சீவிக்க மாதம் என்ன செலவாகும், உங்கள் கணவரைக் கேட்டு எழுதுங்கள் என்று.

ஐயா, இப்போதைய விலை எங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்து விலை கொஞ்சம் தெரியும். அந்தக் கசெற்றில் கேட்டதுதான். எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அதற்கு முதல் ஒரு கதை இருக்கிறது. முதலாவது கசெற்றின் கதை.

பெற்றோல் ஊத்தின அண்ணை

நாங்கள் முல்லைத்தீவுக் கரை ஆக்கள். கடல்தான் தொழில். சண்டையில் கரையை விட்டு எழும்பினபோது வள்ளமும் போனது, வலையும் போனது. ஒரு வள்ளம் வாங்கக் காசு உழைத்துக்கொண்டு வாறன் என்றுதான் அவர் போனார். கலியாணம் கட்டிப் பதினாலு மாதம். பிள்ளை இல்லை.

எனக்குப் பக்கத்துக் காணியில் பரமேசு அக்காவும் அவவின் மனிசன் தம்பிராசா அண்ணையும் இருந்தார்கள். யாழ்ப்பாணப் பக்கத்தில் இருந்து வந்து முரசுமோட்டையில் வயல் செய்த சனம். அங்கேயிருந்தும் எழும்பி வந்தவர்கள். சைக்கிள், டைனமோ, கசெற் றேடியோ எல்லாம் தம்பிராசா அண்ணையுடையது.

என் மனிசன் போய் ஒரு வருசத்தில் முதல் கசெற் வந்தது. வெளிநாட்டில் இருந்து யாருக்கும் கசெற் வந்தால் எங்கள் பக்கத்தில் அது அயலுக்கே வந்த மாதிரி. பாய் விரித்து வைப்போம். தேத்தண்ணி ஊற்றுவோம். தங்கள் பிள்ளையைப் பற்றி ஏதும் சொல்வாரோ என்று தூரத்தில் இருந்தும் வந்து குந்துவார்கள்.

அன்றைக்குத் தம்பிராசா அண்ணை சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, மேலே ஏறி இருந்து மிதித்தார். நல்ல கால். வயல் உழுத கால்.

"உன்ர மனிசன் அரபு நாட்டிலை நிண்டு கதைக்கிறான் பிள்ளை. நான் இஞ்சை நிண்டு அவனுக்குப் பெற்றோல் ஊத்திறன்," என்றார்.

"கதையாமல் மிதி," என்றா பரமேசு அக்கா. "நீ வாய் திறந்தால் கால் நிக்கும்."

கசெற்றில் என் மனிசன் எல்லாருக்கும் பேர் பேராகச் சுகம் சொன்னார். வேலை நல்லம் என்றார். சாப்பாடு நல்லம் என்றார். வெய்யில் பரவாயில்லை என்றார். கடைசியில் "செலின்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. ஒரு இருமல். பிறகு "சரி, வைக்கிறன்" என்றார்.

"பெண்டிலின்ர பேரைச் சொல்லிப்போட்டு மூச்சு வாங்குறார், பாருங்கோ!" என்றா பரமேசு அக்கா. பாய் முழுக்கச் சிரிப்பு. தம்பிராசா அண்ணை சிரித்துச் சிரித்து மிதிக்க மறந்து, றேடியோ நின்றுபோனது.

நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அந்த நிறுத்தத்தில் அவர் ஏதோ சொல்ல இருந்தார். இவ்வளவு பேர் கேட்பார்கள் என்று தெரிந்து விழுங்கிவிட்டார். அது எனக்கு விளங்கியது. இனி வந்தால் தனியத்தான் கேட்கிறது என்று அன்றே முடிவெடுத்தேன்.

தனியக் கேட்டது

இரண்டாவது கசெற் வர மேலும் இரண்டு வருசம் ஆனது. வவுனியாவில் ஆமியிடம் பாஸ் எடுத்து வந்த அந்தப் பெண் சீலைகளுக்குள் வைத்துக் கொண்டுவந்தா. சோதனைச் சாவடியில் அதை எடுத்து ஓடவிட்டுக் கேட்டார்களாம். ஒரு ஆமிப் பெடியன் பாதி வரை கேட்டானாம். அவனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவனிடம் பற்றரி இருந்தது.

எனக்கு முதல் அவன் கேட்டுவிட்டான் என்பது கொஞ்ச நாள் மனதில் கிடந்தது.

தம்பிராசா அண்ணையிடம் போய்ச் சைக்கிளும் றேடியோவும் கேட்டேன். கோயில் பாட்டு என்று பொய் சொன்னேன்.

"கோயில் பாட்டுக்கு ஏன் பிள்ளை தனிய? நான் வந்து மிதிக்கிறன். காதுக்கை பஞ்சு அடைஞ்சுகொண்டு மிதிக்கிறன்."

"வேண்டாம் அண்ணை."

"எடுத்துக்கொண்டு போகட்டும் விடு," என்றா பரமேசு அக்கா. அவவுக்கு விளங்கிவிட்டது. அந்தமுறை பகிடி பண்ணவில்லை.

அது ஆம்பிளைச் சைக்கிள். பாவாடை சட்டையோடு ஏறி இருந்து மிதிக்க ஏலாது. அதனால்தான் கவிழ்த்து வைத்துக் கையால் சுற்றினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காய்ச்சல் விட்டு அன்றைக்கு இரண்டாம் நாள். காலமை ஒரு பிளேன்ரீ குடித்திருந்தேன். முதல்நாளும் பெரிதாக ஒன்றுமில்லை. நான் சந்தையில் கருவாடு விற்றுச் சீவித்தேன். அவர் அனுப்பின காசு வவுனியா பாங்கில் கிடந்தது. அதைத் தொட்டதில்லை. அது வள்ளத்துக் காசு. எழுதும்போது மட்டும் நல்லாச் சாப்பிடுகிறேன் என்று எழுதுவேன்.

அந்தப் பட்டணத்துச் செலவு

இனி ஐயா கேட்டதற்கு வருகிறேன்.

அந்தக் கசெற்றில் அவர் முதல் தடவையாக உண்மை சொன்னார்.

"முந்திச் சொன்னதெல்லாம் சும்மா," என்றார். "இப்ப கேள்."

ஒரு அறையில் பன்னிரண்டு பேர். கட்டில் ஆறு. ஒரு கட்டில் இரண்டு பேருக்கு. பகல் வேலைக்காரன் இரவில் படுப்பான். இரவு வேலைக்காரன் பகலில் படுப்பான். இவர் எழும்ப முதல் மற்றவன் வந்து தலைமாட்டில் நிற்பான். பாய் சூடு ஆறாது. அதற்கும் வாடகை.

அறைக்கு ஒரு ஏசி. அதற்குக் கிட்டக் கிடக்கும் கட்டிலுக்கு வாடகை கூட. கதவோரக் கட்டிலுக்குக் குறைவு. இவர் கதவோரம். "ஏசியின்ர சத்தம் மட்டும் எனக்கு வரும். காத்து வராது. சத்தத்துக்குக் காசு எடுக்கிறேல்லை," என்றார்.

குடிக்கிற தண்ணி பிளாஸ்ரிக் கானில் காசுக்கு வரும். பைப்பில் வருவது உப்பு. அதுவும் சூடு. பின்னேரம் பைப்பைத் திறந்தால் அப்படியே தேயிலை போடலாமாம். குளிக்கிற தண்ணியை முதல்நாளே வாளியில் பிடித்து ஆறவைக்க வேண்டும். வாளியில் பேர் எழுதி வைக்காவிட்டால் மற்றவன் குளித்துவிடுவான்.

தலைமயிரை ஆளுக்காள் வெட்டிவிடுவார்கள். சலூனுக்குப் போனால் ஒரு நாள் சாப்பாடு போய்விடும். ஒருமுறை இவருக்கு வெட்டினவன் ஒரு பக்கத்தை வழித்துவிட்டானாம். "ஒரு மாசம் தொப்பியோடை நிண்டன்," என்று சிரித்தார். நானும் சுற்றிக்கொண்டே சிரித்தேன்.

சாப்பாடு குபுஸ் என்று ஒரு றொட்டி. பருப்பு. வெள்ளிக்கிழமை ஒரு முட்டை.

"மீன் கடைக்கு ஒருநாள் போனன் செலின். விளைமீன் கிடந்தது. விலை கேட்டன். ரெண்டாம்முறையும் கேட்டன். பிறகு கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு சும்மா பாத்துக்கொண்டு நிண்டன். கடைக்காரன் வாங்கப்போறியோ எண்டான். இல்லை, தெரிஞ்ச மீன் எண்டன்."

ஐயா, வெய்யிலில் செருப்பு தாரில் ஒட்டுமாம். அதனால் செருப்பும் கெதியாகப் போகும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே எங்களுக்கும் எல்லாம் விலைதான். மண்ணெண்ணெயைச் சின்னப் போத்தலில் அளந்து வாங்கினோம். சவுக்காரத்தை நூலால் நாலாக அறுத்து, ஒரு துண்டை ஒரு மாதம் தேய்த்தோம். அங்கே தண்ணிக்கு விலை, இங்கே எண்ணெய்க்கு விலை. இரண்டு பேரும் இரண்டு இடத்தில் ஒரே மாதிரித்தான் இருந்தோம். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லவில்லை.

இவ்வளவும் கேட்க அரை மணித்தியாலம் போயிருக்கும். வலது கை உளைந்தது. இடது கைக்கு மாற்றினேன். பிறகு திரும்ப வலது கைக்கு. கண்ணுக்குள் வேர்வை வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

அப்போதுதான் குரல் மாறத் தொடங்கியது.

முதலில் கொஞ்சம் தடித்தது. பிறகு இழுபட்டது. சொல்லுக்குச் சொல் இடைவெளி. நாக்கு தடக்குப்படுவது மாதிரி. அவர் பேசப்பேசக் கூடிக்கொண்டு போனது.

"செ... லீ... ன்..." என்றார்.

என் கை நின்றுவிட்டது.

என் அப்பா

என் அப்பா நல்ல கடல்காரன். கரையில்தான் சரியில்லை.

பின்னேரம் கள்ளுத் தவறணையில் இருந்து வரும்போது தூரத்திலேயே என் பேரைக் கூப்பிடுவார். எவ்வளவு குடித்திருக்கிறார் என்பது பேரின் நீளத்தில் தெரியும். "செலின்" என்று வந்தால் அம்மா சோறு போடுவா. "செ... லீ... ன்..." என்று வந்தால் சட்டி பானையை எடுத்து ஒளிப்பா. எங்களையும் பின்பக்கத்தால் அனுப்பிவிடுவா.

ஒருநாள் அந்த நீளத்தோடேயே கடலுக்குப் போனார். வள்ளம் மட்டும் திரும்பி வந்தது.

எனக்குக் கலியாணம் பேசி வந்தபோது நான் ஒன்றுதான் கேட்டேன். கடல் தொழில் செய்கிறவர்கள் கரைக்கு வந்ததும் கொஞ்சம் போடுவது வழமை. அதை விடவேண்டும் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மாதா சுரூபத்தில் கை வைத்தார். பிறகு பதினாலு மாதமும் தொடவில்லை.

இப்போது அந்த நீளம் றேடியோப்பெட்டிக்குள் இருந்து வந்தது.

திரும்பவும் சுற்றினேன். "ஒ... ண்... டு... கே... க்க... வே... ணும்..." என்று வந்தது. "வ... ர... ட்... டோ..." என்று வந்தது. பேசத் தொடங்கும்போது நல்லாகத்தான் இருந்தார். பேசிக்கொண்டே குடித்திருக்கிறார் என்று நினைத்தேன். குடித்துக்கொண்டு என்னிடம் இதைக் கேட்கிறார்.

வயரைக் கழற்றினேன். கசெற்றின் மற்றப் பக்கம் போட்டுப் பார்க்கவில்லை.

சனம் நிவாரணச் சாக்கோடு திரும்பி வரத் தொடங்கியது. சைக்கிளை நிமிர்த்திக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பாட்டு நல்லமோ பிள்ளை?" என்றார் தம்பிராசா அண்ணை.

"ஓம் அண்ணை."

நாலு வரி

அடுத்த நாள் கடிதம் எழுதினேன். நாலு வரி.

உங்கள் கசெற் கிடைத்தது. முழுதும் கேட்டேன். வர வேண்டாம். அங்கேயே நில்லுங்கள்.

ஏன் என்று எழுதவில்லை. குடிக்கிறீர்கள் என்று எழுத வெட்கமாக இருந்தது. யாரும் பிரித்து வாசித்தால் என்ன செய்வது. வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

முழுதும் கேட்டேன் என்றது பொய்.

அதற்குப் பிறகு அவரிடம் இருந்து காசு ஒழுங்காக வந்ததாக பாங்கில் இருந்து துண்டு வரும். கடிதம் குறைந்துபோனது. வந்தாலும் இரண்டு வரி. கசெற் வரவில்லை.

நான் காலமை சந்தைக்குப் போனேன். பின்னேரம் வந்தேன். விளக்கைக் கொளுத்தாமலே படுத்தேன். எண்ணெய் மிச்சம். ஆளும் இல்லை, கொளுத்தி என்ன.

பரமேசு அக்கா சிலவேளை வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பா. "என்னவாம் அவர்? எப்ப வாறாராம்?"

"வரமாட்டார்."

"ஏனாம்?"

"வேலை."

அவவும் மேலே கேட்கமாட்டா. வேலியால் ஒரு பிடி முருங்கையிலை நீட்டுவா. வாங்குவேன்.

அழிக்கட்டோ?

ஏழெட்டு மாதம் கழிந்து எனக்கு வவுனியா போகப் பாஸ் கிடைத்தது. பாங்கில் கையெழுத்து வைக்க வேண்டியிருந்தது.

வெளிக்கிடும்போது பரமேசு அக்கா வந்தா. "செலின், முருகன் பாட்டு ஒரு கசெற் அடிச்சுக்கொண்டு வாறியோ? அங்கை கடையிலை அடிச்சுக் குடுப்பினம். வெறுங் கசெற் ஒண்டுதான் என்னட்டை இல்லை."

"என்னட்டை ஒண்டு இருக்கு," என்றேன்.

அவருடைய கசெற்றைத்தான் சொன்னேன். அதை எடுத்துச் சீலைக்குள் சுற்றினேன். ஒரு கவலையும் வரவில்லை.

வவுனியாவில் பாட்டுப் பதிகிற கடையில் ஒரு பெட்டை இருந்தாள். இருபது வயசு இருக்கும். கடைக்குள் காத்தாடி சுற்றியது. பல வருசத்துக்குப் பிறகு காத்தாடிக் காற்று. கழுத்து குளிர்ந்தது. முருகன் பாட்டு என்று சொல்லிக் கசெற்றைக் கொடுத்தேன். அவள் அதைப் பெரிய பெட்டியில் போட்டு, கொஞ்சம் பின்னுக்குச் சுற்றித் தட்டினாள்.

"அக்கா, இதிலை ஆரோ கதைக்கினம். அழிக்கட்டோ?"

அவருடைய குரல் கடை முழுக்கக் கேட்டது. நான் தனியச் சுற்றிக் கேட்டபோது என் கை நின்ற இடத்தில் இருந்துதான் ஓடியது.

"செலின், ஒண்டு கேக்கவேணும்," என்றார். கெதியாக, வெட்கத்தோடு, சொல்லுக்குச் சொல் முட்டிக்கொண்டு. "வரட்டோ, நிக்கட்டோ? நீ சொல்லுறதுதான். எனக்கெண்டால் வரத்தான் விருப்பம். வள்ளத்துக்கு இன்னும் காணாது. காணாட்டிலும் பரவாயில்லை. கூலிக்குக் கடலுக்குப் போவன். உன்ர கையாலை ஒருக்காச் சாப்பிடவேணும்."

"அக்கா? அழிக்கட்டோ?"

"நில்லு பிள்ளை."

திரும்ப ஓடவிடச் சொன்னேன். திரும்பவும் அதே குரல். நாக்கு தடக்குப்படவில்லை. ஒரு சொல்லும் இழுபடவில்லை.

"பிள்ளை, இவர் குடிச்சுப்போட்டுக் கதைக்கிற மாதிரி இருக்கோ?"

"குடிச்சோ?" அவள் என்னைப் பார்த்தாள். "இவர் தேத்தண்ணிகூடக் குடிச்சிருக்கமாட்டார் அக்கா. இந்த ஓட்டம் ஓடுறார். ஏன்? முந்தி என்னத்திலை கேட்டனீங்கள்?"

"டைனமோவிலை."

"டைனமோவிலை கேட்டால் சாமிப் பாட்டுக்காரரும் வெறிகாரர்தான்," என்று சிரித்தாள். "சுத்திற ஆள் களைச்சால் குரலும் களைக்குமெல்லோ."

அது எனக்குத் தெரியாததல்ல. தம்பிராசா அண்ணை பாட்டுப் போடும்போது எத்தனை தரம் பார்த்திருக்கிறேன். பாட்டு இழுபட்டால் மிதிக்கிற ஆளைப் பேசுவோம். கதை இழுபட்டபோது கதைத்த ஆளில் பழியைப் போட்டுவிட்டேன்.

அவருடைய குரல் தளரவில்லை. என் கைதான் தளர்ந்தது.

"மற்றப் பக்கம் போடு," என்றேன்.

அவள் திருப்பிப் போட்டாள். அவர் மூன்று வசனம்தான் பேசினார். "செலின், இண்டைக்கு ஒருத்தனைக் கேட்டு ஏசிக்குக் கிட்ட அவன்ர கட்டிலிலை இருக்கிறன். இந்தச் சத்தம் கடல் மாதிரி. நீயும் கடல் கேட்டுக் கன நாள், கண்ணை மூடிக்கொண்டு கேள்."

பிறகு இரைச்சல். ஏசி மெசினின் இரைச்சல்.

கொஞ்சம் பொறுத்து அந்தப் பெட்டை சொன்னாள். "இந்தப் பக்கம் ஒண்டுமில்லை அக்கா. இரைச்சல்தான்."

"இருக்கட்டும். விடு."

கடைசி வரை நின்று கேட்டேன். இடையில் ஒருவன், அந்தக் கட்டில்காரனாக இருக்கும், ஏதோ சொன்னான். "ரெண்டு நிமிசம் அண்ணை, எழும்பிடுவன்," என்றார் அவர். அவ்வளவுதான். பிறகு டக் என்று நின்றது.

காசு ஓடின நேரம்

பக்கத்தில் ரெலிபோன் கடை. அவருடைய கடிதத் தலைப்பில் ஒரு நம்பர் இருந்தது. அறைக்குக் கீழே இருந்த பலசரக்குக் கடையின் நம்பர். அவசரத்துக்கு மட்டும் என்று எழுதியிருந்தார். ஒருநாளும் எடுத்ததில்லை.

எடுத்தேன். கூப்பிடச் சொல்லிவிட்டு வைத்தேன். பத்து நிமிசம் கழித்துத் திரும்ப எடுத்தேன்.

"ஹலோ, ஆர்?"

"நான்தான்."

"ஆருக்கு என்ன?" குரல் பதறியது.

"ஆருக்கும் ஒண்டுமில்லை."

"பிறகேன் எடுத்தனீ? காசெல்லோ ஓடுது."

"வாங்கோ."

"எங்கை?"

"வீட்டை."

"அக்ரிமெண்டிலை கையெழுத்து வச்சிட்டன் செலின். பாஸ்போட் அவங்களிட்டை. இன்னும் ஒண்டரை வருசம் கிடக்கு. நீதானே வரவேண்டாம் எண்டு எழுதினனீ?"

"ஓம்."

"ஏன் எண்டு கேக்கேல்லை. வள்ளத்துக்கு இன்னும் காசு வேணுமெண்டு நினைக்கிறாய் போலை எண்டு நிண்டிட்டன்."

"நீங்கள் குடிக்கிறியள் எண்டு நினைச்சன்."

இரண்டு பக்கமும் சத்தமில்லை. கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். பேசாமல் இருந்த நேரத்துக்கும் காசுதான்.

பிறகு அவர் சிரித்தார். "விசரி. இஞ்சை ஒரு பியர் போத்திலின்ர விலை என்ர நாலு நாள் சாப்பாடு. ஆர் குடிக்கிறது?"

றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"இப்ப ஆர் சொன்னது நான் குடிக்கேல்லை எண்டு?"

"நீங்கள்தான். இண்டைக்குக் கரண்டிலை கேட்டன்."

"மற்றப் பக்கமும் கேட்டனியோ?"

"ஓம்."

"கடல் மாதிரி இருந்ததோ?"

"ஓம்," என்றேன்.

கடல் மாதிரி இருக்கவில்லை. கடல் ஒருக்கால் அடித்துவிட்டுப் பின்வாங்கும். இடையில் மூச்சு விடும். அந்த மெசின் மூச்சு விடாமல் இரைந்தது. அதை எப்படிச் சொல்லுவது.

"சாப்பிடுறியோ?" என்றார்.

"ஓம். நீங்கள்?"

"நல்லாச் சாப்பிடுறன்."

அதோடு கடைக்காரர் கையைக் காட்டினார். வைத்தேன்.

பரமேசு அக்காவுக்குப் புதுக் கசெற் ஒன்று வாங்கி முருகன் பாட்டு அடித்துக்கொண்டேன். அவருடையதைத் திரும்பவும் சீலைக்குள் சுற்றினேன். சாவடியில் இரண்டையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இரைச்சல் பக்கத்தைக் கேட்ட பெடியன் பழுதான கசெற் என்று எறிவதுபோல் திருப்பித் தந்தான்.

பிறகு

ஒன்றரை வருசம் என்றது இரண்டு வருசம் ஆனது. அவர் வந்து சேர்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயசு. பிள்ளை தங்கவில்லை. அதைப்பற்றி இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஐயா, உங்கள் மகன் போகட்டும். அங்கே செலவு என்ன என்று கேட்டால் அவன் முதலில் உண்மை சொல்லமாட்டான். நீங்களும் இங்கே இருந்து உண்மை எழுதமாட்டீர்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மூன்றாவது கசெற் நான் ரெலிபோன் எடுத்த அந்த வருச மாரியில், அவர் வர முதல் வந்தது. வெளியே மழை. தம்பிராசா அண்ணையிடம் போய்ச் சைக்கிள் கேட்டேன். இந்தமுறை பாட்டு என்று சொல்லவில்லை.

"பஞ்சு வேணுமோ பிள்ளை?" என்றார்.

"வேண்டாம் அண்ணை. நானே சுத்துறன்."

கசெற்றை அலுமாரி மேல் வைத்தேன். அடுப்பை மூட்டினேன். அரிசி போட்டேன். அவர் அனுப்பின காசில் நான் வாங்கின முதல் அரிசி. கருவாட்டுக் குழம்பு வைத்தேன். நிலத்தில் இருந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

பிறகு சைக்கிளைக் கவிழ்த்தேன்.

அன்றைக்குக் குரல் கடைசி வரை நேராக வந்தது.